விடையை எங்களிடமே விட்டுவிடுங்கள்: கேம் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய ஸ்டூடியோக்களில் வீடியோ கேம் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். அண்மையில் நான் ஆடிய கேம்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அவற்றில் சில புதியவை; சில வாங்கியும் ஆடாமல் வருஷக்கணக்காக என் கேம் லைப்ரரியில் காத்துக் கிடந்தவை. நான் விமர்சகன் அல்ல, வேலை முடிந்து வந்து இரவில் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் சாதாரண பிளேயர். ஆனாலும் ஒரு விஷயத்தில் மனம் பொறுக்கவில்லை. நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நீங்களே ஒரு புதிரை வைக்கிறீர்கள். பிறகு நாங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே அதன் விடையையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு நல்ல கேமிலிருந்தே தொடங்குகிறேன். மோசமான கேமில் இந்தக் குறை பத்தோடு பதினொன்றாகப் போய்விடும், நல்ல கேமில்தான் வலிக்கும். 2022-இல் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்'கில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். கோபத்தை அடக்கிக்கொண்டு மகனிடம் நிதானமாகப் பேச முயலும் தகப்பன் க்ரேடோஸை எழுதியவர்கள் மனித மனம் அறிந்தவர்கள். அதே கேமில் பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் போய் நின்றால், கோடரியை எங்கே எறிவது, எதை உறைய வைப்பது என்று, நம்மோடு கூட வரும் துணைப் பாத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. நான் இன்னும் சுற்றுமுற்றும் பார்த்தே முடித்திருக்க மாட்டேன். உலகம் முழுக்க ஆடியவர்கள் இதையே சொன்னார்கள். 2024-இல் அந்தக் கேம் பிசிக்கு வந்தபோது, கூட வருபவர்கள் புதிர்களுக்கு ஹின்ட் கொடுப்பதைக் குறைக்கும் செட்டிங் ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்காக அந்தக் குழுவை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த செட்டிங் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டியது.

இதற்கு நேர் எதிரான ஒரு கேமைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. கதை 1807-இல் நடக்கிறது. தொலைந்துபோனதாக எல்லோரும் கைவிட்ட வணிகக் கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு மிதந்து வந்து சேர்கிறது. அதில் உயிரோடு யாரும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் கப்பலில் ஏறுகிறோம். கையில் ஒரு பாக்கெட் கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும், அவ்வளவுதான். இறந்தவரின் எலும்பருகே கடிகாரத்தைத் திறந்தால், கடைசியாக நடந்த பேச்சும் சத்தமும் இருட்டில் காதுக்கு மட்டும் கேட்கும். பிறகு அவர் உயிர் போன அந்த நொடி அப்படியே உறைந்து நம் முன் நிற்கும். அதற்குள் நடந்துபோய் எந்த மூலையையும் பார்க்கலாம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆனது, யாரால் ஆனது என்று புத்தகத்தில் எழுதி முடிக்க வேண்டும்.

இதில் நம்மிடம் யாரும் வந்து எதையும் சொல்ல மாட்டார்கள். உடையைப் பார்க்க வேண்டும். யார் யாரோடு நிற்கிறார், எந்த மொழியில் பேசுகிறார், சாப்பாட்டு மேஜையில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றெல்லாம் கவனிக்க வேண்டும். மாலுமிகளின் பெயர்ப் பட்டியலில் இந்தியர்களும் உண்டு; ஊர்ப்பெயரைப் பார்த்ததும் முதலில் அவர்களைத்தான் தேடிப் போனேன். இதை நான் தங்கையோடு சேர்ந்து ஆடினேன். ஒரு கட்டத்தில் மாலுமிகள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய, இதற்கு மேல் வழியே இல்லை என்று இருவரும் சோர்ந்துவிட்டோம். அப்போது அவள் திரைக்கு வெகு அருகே போய், "அண்ணா, அந்தத் தொங்கு படுக்கையில நம்பர் போட்டிருக்கு பாரு" என்றாள். பட்டியலிலும் எண்கள் இருந்தன. அந்த இரவில் எங்களைத் தூங்க வைக்க வீட்டில் யாராலும் முடியவில்லை.

அந்தக் கேமில் ஹின்ட் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, அதுவும் மிக நுட்பமாக. ஒருவரை அடையாளம் காணப் போதுமான தடயத்தை நாம் பார்த்துவிட்டால், புத்தகத்தில் மங்கலாக இருக்கும் அவர் முகம் தெளிவாகும். 'உனக்குத் தேவையானது உன் கண்ணில் பட்டுவிட்டது, இனி யோசி' என்பதுதான் அதற்குப் பொருள். அவர் யார் என்பதை மட்டும் கேம் சொல்லாது. குத்துமதிப்பாக எழுதித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் மூன்று பேரின் முடிவுகள் சரியாக இருந்தால்தான் கேம் அவற்றை உறுதி செய்யும். சரியா தவறா என்று தெரியாமல் நாள்கணக்கில் தவிக்கவும் விடாமல், ஊகத்தில் ஓட்டவும் விடாமல், இரண்டுக்கும் நடுவே மூன்று என்ற எண்ணை நிறுத்தியிருக்கிறார் போப். அதை நிர்ணயிக்க எவ்வளவு யோசித்திருப்பார் என்று இப்போதும் வியக்கிறேன்.

மோபியஸ் டிஜிட்டலின் 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) இதே மரியாதையை ஒரு சூரியக் குடும்பம் முழுக்கக் காட்டுகிறது. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது ஆயுதம் கிடைக்காது, பலம் கூடாது. முந்தைய சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும்தான் கையில் மிஞ்சும். ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றில் புதைந்திருந்த கட்டடங்கள் மெல்ல வெளியே தெரியும், மற்றதில் குகைகள் மூடிக்கொண்டே வரும். எப்போது எங்கே இறங்க வேண்டும் என்பதை அந்த மணலைப் பார்த்தே புரிந்துகொள்கிறோம். கப்பலில் ஒரு பதிவேடு உண்டு. ஓர் இடத்தில் எதையாவது விட்டுவிட்டு வந்திருந்தால், 'இங்கே ஆராய இன்னும் இருக்கிறது' என்பதை மட்டும் அது காட்டும். எதை, எப்படி என்று காட்டாது. கடைசிவரை போய்ச் சேரத் தேவையான கருவிகள் எல்லாம் முதல் நிமிடத்திலேயே நம்மிடம் இருக்கின்றன, அறிவு மட்டும்தான் இல்லை. இப்படிப்பட்ட கேமில் ஒரு விடையை வெளியே சொல்வது அந்த மனிதரிடமிருந்து கேமையே பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். அதனால்தான் இதை ஆடி முடித்தவர்கள் மற்றவர்களிடம் பேசும்போது அவ்வளவு கவனமாகப் பேசுகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேம் கற்றுக்கொண்ட விதத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 90-களில் இங்கே பல வீடுகளுக்கு வந்தது பெயர் தெரியாத கம்பெனிகளின் 'டிவி கேம்'. ஒரே கேசட்டில் ஏகப்பட்ட கேம்கள் இருக்கும். விளக்கப் புத்தகம் கிடையாது, இருந்திருந்தாலும் அந்த வயதில் எங்களில் பலருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் மாரியோவை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1985-இல் வந்த அந்தக் கேமின் முதல் திரையில், வலப்பக்கம் போக இடம் விட்டு மாரியோ நிற்பான். காளான் போன்ற ஒரு ஜந்து எதிரே நடந்து வரும். பட்டால் சாவு, குதித்தால் அது நசுங்கும். மேலே மின்னும் கேள்விக்குறிப் பெட்டியில் முட்டினால் காசு. அதை வடிவமைத்த சிகேரு மியாமோட்டோவும் குழுவும் அந்தச் சில அடி தூரத்துக்குள்ளேயே கேமின் இலக்கணம் முழுவதையும் வைத்துவிட்டார்கள். மொழி தெரியாத ஒரு தலைமுறை அதை விளையாடியே படித்தது. இடத்தின் அமைப்பே பாடம் நடத்தினால் மொழிபெயர்ப்புகூடத் தேவையில்லை. இன்று உங்கள் கேம்களில் கூட வருபவர் பேசிக்கொண்டே இருக்கிறார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். சண்டை நடக்கும்போது கீழே ஓடும் எழுத்தையும் வாசித்துக்கொண்டு ஆட வேண்டியவர்களின் கஷ்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பது புரியாமல் எழுதவில்லை. முதல் காரணம் காட்சி. அந்தக் காலத்தில் திரையில் ஒரு பெட்டி இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கும். இன்று ஒரு சந்தைத் தெருவை வரைந்தால் ஆயிரம் பொருள்கள். எது வெறும் அலங்காரம், எதைப் பிடித்து ஏறலாம் என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் உடைக்கவோ ஏறவோ கூடியவற்றை அடையாளம் காட்ட மஞ்சள் பெயின்ட் வந்தது. 'ரெசிடென்ட் ஈவில் 4' மறு உருவாக்கத்தில் (2023) உடைக்கக்கூடிய பெட்டிகளில் மஞ்சள் பூசியிருந்ததைப் பற்றியும், அடுத்த வருஷம் 'ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்' டெமோவில் ஏறக்கூடிய பாறைகளில் அதே மஞ்சள் இருந்ததைப் பற்றியும் பெரிய வாக்குவாதமே நடந்தது. வழிகாட்டும் நிறத்தை நான் எதிர்க்கவில்லை. 2008-இலேயே 'மிரர்ஸ் எட்ஜ்' சிவப்பு நிறத்தால் வழி காட்டியது. ஆனால் வெள்ளை வெளேரென்ற அந்த நகரத்தில் சிவப்பு ஓர் அழகாக இருந்தது, கூரைகளில் ஓடும் கதாநாயகி தன் பாதையைப் பார்க்கும் பார்வையாக இருந்தது. யாருமே வாழாத மலையில் பாறைக்குப் பாறை பெயின்ட் அடித்தது யார் என்ற கேள்வி எழும்போதுதான் அந்த உலகத்தின் மீதுள்ள நம்பிக்கை போகிறது.

இரண்டாவது காரணம் பணம். பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். எங்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. உங்களுக்கோ முதல் 2 மணி நேரத்தில் யாரும் எங்கேயும் முட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாது என்ற பயம். சோதனை ஆட்டத்தில் யாரோ ஒருவர் ஒரு கதவின் முன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டால் அது அறிக்கையில் பிரச்சினையாகப் பதிவாகும். பிரச்சினையைத் தீர்க்க ஒரு வசனம் எழுதுவீர்கள், பதிவு செய்வீர்கள், சேர்ப்பீர்கள். கதவை மாற்றி வடிவமைப்பதைவிட அது மலிவு. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? ஒருவேளை சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

2025 ஏப்ரலில் வெளியான 'ஒப்ளிவியன்' ரீமாஸ்டரையும், அதாவது காட்சிகளைப் புதுப்பித்த பதிப்பையும், ஆடினேன். முதன்முதலில் 2006-இல் வந்த கேம். போக வேண்டிய இடத்தைத் திசைகாட்டியில் குறியாகக் காட்டும் வழக்கத்தைப் பரவலாக்கிய கேம்களில் இதுவும் ஒன்று. இதே தொடரில் இதற்கு முந்தைய 'மாரோவின்ட்'டில் (2002) அப்படி எதுவும் கிடையாது. பாலத்தைத் தாண்டு, இன்ன பாறை வரும், அங்கிருந்து கிழக்கே திரும்பு என்று ஆள்கள் வாயால் வழி சொல்வார்கள். நாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடப்போம். ரீமாஸ்டரில் காடும் வெளிச்சமும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனாலும் என் கண் பாதி நேரம் திசைகாட்டிக் குறியின் மேலேயே இருந்தது. குறியை அணைத்துவிட்டுப் போ என்பீர்கள். அணைத்தால் இடம் எங்கே என்று சொல்ல அந்த உலகத்தில் வேறு வழி இருக்க வேண்டுமே? 2018-இல் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி' இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. குறிகளுக்குப் பதில் 'இந்தப் பகுதியின் தெற்கே, ஆற்றுக்கு அருகில்' என்பது போன்ற தகவலை மட்டும் தரும் எக்ஸ்ப்ளோரேஷன் முறையை வைத்தார்கள். பெரிய ஸ்டூடியோவாலும் இது முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

'ப்ளூ பிரின்ஸ்' (2025) பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் அடுத்த அறை எது என்று மூன்றில் ஒன்றை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம்; மறுநாள் வீடு மறுபடி காலி. புதிர்கள் அருமை. ஆனால் விடை தெரிந்த பிறகும் தேவையான அறை சீட்டில் விழாமல் காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்து முடித்தவரை அதிர்ஷ்டத்திடம் அனுப்பக் கூடாது. பில்லி பாசோ என்ற ஒருவர் ஏறக்குறைய ஏழு வருஷம் உழைத்து உருவாக்கிய 'அனிமல் வெல்' (2024) கேமின் கோப்பு 40 மெகாபைட்கூட இல்லை, ஆனால் அடுக்கடுக்காக ரகசியங்கள். ஒரு சுவர்ப் படத்தின் ஒரு துண்டுதான் ஒவ்வொருவருக்கும் தெரியும், பலர் கூடி இணைத்தால்தான் முழுப் படம் கிடைக்கும். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்தவர்கள் சேர்ந்து அதைத் தீர்த்தார்கள். இவ்வளவையும் ஒரு தனி மனிதர் பிளேயர்களை நம்பி விட்டார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லோராலும் இப்படி ஆட முடியுமா? பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கை வேகமாக ஓடாதவர்கள், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கான உதவியைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு சொல்கூட எழுத மாட்டேன். 'செலஸ்ட்' (2018) மலை ஏறுகிற கேம், கடினமானது. அதில் அசிஸ்ட் மோட் இருக்கிறது: வேகத்தைக் குறைக்கலாம், சாகாமல் இருக்கும்படி செய்துகொள்ளலாம். அதைப் பயன்படுத்துபவரை அந்தக் கேம் எங்கும் மட்டம் தட்டுவதில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2'-இல் (2020) 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன. பார்வையற்றவர்களும் அதை ஆடி முடித்தார்கள். இவை எல்லாமே கேட்டால் கிடைக்கும் உதவி, ஆடுபவரின் விருப்பப்படி கிடைக்கும் உதவி. நான் எதிர்ப்பது கேட்காமல் திணிப்பதை மட்டும்தான்.

கடினமாக இருப்பதையும் நம்பிக்கை வைப்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 4 அன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வெளியானபோது ஸ்டீம் உட்படப் பல கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற சிறு குழுவின் கேம் அது. அதன் உலகத்தை நேசிக்கிறேன். மேப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாம் எங்கே நிற்கிறோம் என்று அதில் தெரியவே தனியாகத் திசைகாட்டி வேண்டும். வழி தவறுவது அங்கே ஒரு சுகம். ஆனால் ஒரு பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், தோற்றுவிட்டு, அதே மேடுபள்ளங்களைத் தாண்டி நீண்ட தூரம் திரும்ப ஓடுவதில் நான் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. பாஸிடம் தோற்பதில் கற்றேன், அந்த எதிரியின் அசைவை, நேரத்தை. நடுவே வரும் ஓட்டம் என் இரவைத்தான் தின்றது. வெளியான சில நாள்களிலேயே தொடக்கப் பகுதியின் சில சண்டைகளைப் பேட்ச் எனும் திருத்த அப்டேட் மூலம் கொஞ்சம் தளர்த்தினார்கள். கோபப்பட்டவர்கள் உண்டு, எனக்கு அது சரியாகவே பட்டது.

கடைசியாக எனக்கு நெருக்கமான ஒரு கேம். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. மிஞ்சிய வரிகளையும் படங்களையும் வைத்து விட்டுப்போனதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்பதை நோட்டு முழுதாகச் சொல்வதில்லை. நான் ஆடும்போது பின்னால் வந்து நின்ற அம்மா, "என்னடா, தட்டை இப்படியா வைப்பாங்க?" என்று கேட்டார்கள். வாழ்க்கையில் கன்ட்ரோலரைத் தொட்டிராத அவர்கள் அந்த நொடியில் என்னைவிடத் தேர்ந்த பிளேயர். கேம் முன்கூட்டியே விடையைச் சொல்லியிருந்தால் அம்மா பேச இடமே இருந்திருக்காது. கேம் மிகச் சிறியது, ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். இன்னும் நான்கு பலகாரங்கள் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைத்தது. 2024-இல் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். கூட வரும் பாத்திரங்களுக்கு உதவிக் குரல் வையுங்கள், ஆனால் ஒரு பட்டனை அழுத்திக் கேட்டால் மட்டும் அவர்கள் பேசட்டும். அந்த உதவியும் படிப்படியாக வரட்டும்: முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று, பிறகு எதை என்று, கடைசியில்தான் விடை. கேம் தொடங்கும்போதே, எழுத்தின் அளவையும் ஒலியையும் கேட்பது போல, ஹின்ட் எவ்வளவு வேண்டும் என்றும் கேளுங்கள். அதை மெனுவின் ஆறாவது பக்கத்தில் ஒளிக்காதீர்கள். மேப் குறிகளை அணைத்தாலும் வழி கண்டுபிடிக்கும்படி ஆள்களின் பேச்சிலும் நிலத்திலும் அடையாளம் வையுங்கள். அப்படி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உங்கள் கேமை ஒரு முறையாவது நீங்களே ஆடிப் பாருங்கள். சோதனை ஆட்டத்தில் யாராவது ஒரு கதவின் முன் நின்றுவிட்டால், வசனம் எழுதும் முன் அவரிடம் போய் என்ன யோசிக்கிறீர்கள் என்று கேளுங்கள். இப்போது உங்கள் மேஜையில் உருவாகிக்கொண்டிருக்கும் கேமிலேயே இதைத் தொடங்க முடியும்.

அன்புடன்,
உங்கள் கேம்களை விரும்பி ஆடும் ஒருவன்